சைக்கிள் ஓட்டினால் கை மரத்துப்போகிறதா? எந்த இடம் மரக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்

இங்கே சிங்கப்பூரில் சனிக்கிழமை காலை மண்டாய் வரை ஓட்டிவிட்டுக் கோப்பிக்கடையில் வந்து உட்காரும்போது, எங்கள் குழுவில் யாராவது ஒருவர் கையை உதறிக்கொண்டிருப்பார். தேநீர் கிளாஸைப் பிடித்தால் சுண்டுவிரலுக்குச் சூடே தெரியவில்லை என்பார். இன்னொருவர் உட்காராமல் நின்றபடியே குடிப்பார். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார். எட்டு வருடமாக இவர்களுடைய சைக்கிள்களை எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் வைத்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். பிரேக், செயின் கோளாறைவிட இந்த மரத்துப்போகும் கோளாறோடுதான் அதிகம் பேர் வருகிறார்கள்.

எனக்கும் வந்தது. வலது கைச் சுண்டுவிரல் மூன்று மாதம் மரத்துக்கொண்டே இருந்தது. ஒரு கடையில் ஜெல் கையுறை வாங்கினேன். பிறகு அதைவிடத் தடிமனான இன்னொன்று. பிறகு ஹேண்டில்பாருக்கு இரட்டை டேப். ஒரு நாள் காலையில் வீட்டுச் சாவியைப் பூட்டில் செருகினேன், திருப்ப முடியவில்லை. இடது கையால் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தபோதுதான் பயம் வந்தது. காரணம் கடைசியில் சீட்டின் மூக்கு. சில பாகை கீழே சாய்ந்திருந்தது. ஒரு போல்ட், ஒரு காசு செலவில்லை. கை பழையபடி ஆக ஐந்து மாதம் பிடித்தது.

அதனால் இந்த வழிமுறையில் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். காசு போகும் காரணம் கடைசியில். நான் மருத்துவர் அல்ல. எங்கே சைக்கிள் வேலை முடிந்து மருத்துவர் வேலை தொடங்குகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

## முதலில்: சைக்கிளைத் தொடவே கூடாத நிலைமைகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அலன் கீயை (போல்ட் திருப்பும் அறுகோணச் சாவி) எடுக்காதீர்கள்.

- சீட்டில் படும் பகுதி மரத்திருக்கிறது, அதோடு சிறுநீர் வர மறுக்கிறது அல்லது கட்டுப்பாடில்லாமல் போகிறது, மலம் கழிவது தெரியவில்லை, கால்கள் துவள்கின்றன. இது முதுகுத்தண்டின் அடியில் நரம்புக்கற்றை நசுங்குவதாக இருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.
- ஒரு பக்கக் கை அல்லது கால் திடீரென்று மரத்து, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது. ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.
- விழுந்த பிறகு தொடங்கிய மரப்பு, கழுத்து வலியோடு.

இவை இல்லையென்றால் அடுத்த கேள்வி ஒன்றுதான்: மரப்பு மட்டுமா, பலமும் குறைந்திருக்கிறதா? மரப்பு மட்டும், அதுவும் இறங்கிச் சில நிமிடத்தில் போய்விடுகிறது என்றால் சைக்கிளைத் திருத்திப் பார்க்கலாம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சாவி திரும்பவில்லை, பாதம் தூக்கவில்லை என்றால் சைக்கிளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான் இந்தக் கேள்வியை என்னிடமே மூன்று மாதம் கேட்கவில்லை.

## கருவி எடுக்கும் முன்

சைக்கிளைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட், சைக்கிள் சட்டத்துக்குள் (ஃபிரேம்) நுழையும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். சீட் முனையிலிருந்து ஹேண்டில்பார் நடு வரை அளந்து எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதுவும் சில மில்லிமீட்டர், ஒன்றிரண்டு பாகை. மாற்றிய பிறகு இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. நாலு போல்ட்டை ஒரே மாலையில் திருப்பிவிட்டு வருபவர்களுக்கு எது உதவியது, எது கெடுத்தது என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

கார்பன் பாகமாக இருந்தால் அளவுக்கு மேல் முறுக்கக் கூடாது. எவ்வளவு முறுக்கலாம் என்பது பெரும்பாலும் ஸ்டெம் (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் பாகம்) மேலேயே அச்சிட்டிருக்கும். முறுக்கு அளவு காட்டும் சாவி இல்லையென்றால் கடையில் கொடுத்து முறுக்கிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 1: சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரக்கின்றன

சைக்கிள்காரர்களுக்கு வருவதில் முதலிடம் இதற்குத்தான். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கை தொடங்கும் இடத்தில் ஒரு சிறு எலும்பு மேடு கைக்குப் படும். அதன் பக்கத்தில்தான் அல்நார் நரம்பு உள்ளங்கைக்குள் நுழைகிறது. நம் உடல் பாரம் முழுவதும் அந்த இடத்தில் விழுந்தால் நரம்பு நசுங்குகிறது.

### புறங்கையும் மரக்கிறதா?

கையைத் திருப்புங்கள். சுண்டுவிரல் பக்கப் புறங்கையை மற்றக் கையால் தடவிப் பாருங்கள். அங்கேயும் உணர்ச்சி குறைவாக இருந்தால் நரம்பு மணிக்கட்டில் நசுங்கவில்லை, பெரும்பாலும் முழங்கையில். புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடுவதால் இந்த வித்தியாசம். அப்படியானால் ஹேண்டில்பாரைத் திருத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். கைபேசியைக் காதில் வைத்து மணிக்கணக்கில் பேசுகிறீர்களா, கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குகிறீர்களா, மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுகிறீர்களா என்று பாருங்கள். அவற்றை நிறுத்தி இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவர்.

### உள்ளங்கைப் பக்கம் மட்டும் மரக்கிறது

இங்கேதான் சைக்கிள் வேலை இருக்கிறது. பாரம் எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்க்க ஒரு வழி: பழைய கறுப்புக் கையுறையைப் போட்டுக்கொண்டு, கைப்பிடியில் கேரம் பவுடர் தூவி, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி இரண்டு சுற்று மெதுவாக வாருங்கள். வெள்ளை எங்கே அடர்த்தியாகப் பதிகிறதோ அங்கேதான் அழுத்தம். உள்ளங்கை முழுவதும் பரவியிருந்தால் நல்லது. சுண்டுவிரல் பக்க அடிப்பகுதியில் மட்டும் வட்டமாகப் பதிந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

கையை மாற்றாமல் பிடிப்பது. சாங்கி கரையோரச் சாலை நேராக, மட்டமாக, சிக்னல் இல்லாமல் போகும். அங்கே ஒருவர் அரை மணி நேரம் கையை நகர்த்தாமல் ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடியை மாற்றுங்கள். முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வையுங்கள். நேராக விறைத்த கை சாலையின் ஒவ்வொரு அதிர்வையும் மணிக்கட்டுக்குக் கொண்டுவரும்.

சீட் மூக்கு கீழே சாய்ந்திருப்பது. என்னிடம் வரும் சைக்கிள்களில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். சீட் சரிவாக இருந்தால் உடல் முன்னால் வழுக்கும், அதைக் கைதான் தடுத்து நிறுத்த வேண்டும். கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கிராஞ்சி விடுதியிலிருந்து வந்திருந்தார். சாய்வை அளக்க நான் கைபேசியை எடுத்தேன். "அண்ணே, கைபேசியில எதுக்குப் பார்க்குறீங்க, நம்மகிட்ட இருக்கு" என்று பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். சீட் மேல் ஒரு தடித்த அட்டைப் புத்தகத்தை வைத்து அதன் மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "இது சாரம் மாதிரி சாஞ்சிருக்கே" என்றார். சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டைத் தளர்த்தி, குமிழி நடுவுக்கு வரும் வரை தூக்கினோம். அடுத்த வாரம் அவருக்கு மரப்பு பாதியாகியிருந்தது. மட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஒன்று அல்லது இரண்டு பாகை கீழே இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சீட் முன்னால் தள்ளியிருப்பது. சைக்கிளைத் தூணில் சாய்த்து, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஏறி உட்கார்ந்து ஓட்டும் நிலைக்குக் குனியுங்கள். இரண்டு கையையும் கைப்பிடியிலிருந்து ஓர் அங்குலம் மெதுவாகத் தூக்குங்கள். உடனே முன்னால் சரிகிறீர்கள் என்றால் உங்கள் பாரத்தைச் சீட் தாங்கவில்லை, கை தாங்குகிறது. சீட்டை 5 மி.மீ. பின்னால் நகர்த்திப் பாருங்கள். பின்னால் போனால் மிதிக்கும் தூரமும் கூடும், அதனால் சீட்டை ஒரு பொடி இறக்க வேண்டியிருக்கும்.

டயரில் காற்று அதிகம். டயர் பக்கத்தில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு, அதுவரை அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. அங்கே குறைந்தபட்ச அளவும் போட்டிருந்தால் அதற்குக் கீழே போகாமல் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். பழைய ரயில் தடத்துப் பாதையில் சரளை மேல் ஓட்டுபவர்களுக்கு இந்த ஒன்றிலேயே வித்தியாசம் தெரியும்.

ஹேண்டில்பார் தாழ்வாக இருப்பது. ஸ்டெம் மேலே வளையங்கள் மிச்சமிருந்தால் அவற்றைக் கீழே மாற்றி உயர்த்தலாம். ஸ்டெம்மைக் கவிழ்த்து மாட்டினாலும் உயரும். இதுவரை செய்ததில்லை என்றால் கடையில் செய்துகொள்ளுங்கள். முன் சக்கரத்தைப் பிடிக்கும் பேரிங் சரியாக இறுகாவிட்டால் ஆபத்து.

கையுறை, டேப். இப்போதுதான் காசு. தடிமன் கூடுதலாக இருப்பதெல்லாம் நல்லது அல்ல. மெத்தை நரம்பு போகும் பள்ளத்திலேயே உட்கார்ந்தால் அழுத்தம் கூடும். பருமனான கையுறை வியர்வையில் வழுக்க, நாம் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். எனக்கு நடந்தது அதுதான். நேர் ஹேண்டில்பார் என்றால் உள்ளங்கையைத் தாங்கும் இறக்கை வைத்த கைப்பிடி கையுறையைவிட நல்ல செலவு.

ஸ்டெம் நீளம், சட்ட அளவு. மேலே சொன்னது எல்லாம் செய்தும் கை எட்டாமல் நீண்டே இருந்தால் குட்டையான ஸ்டெம். அதுவும் போதவில்லை என்றால், வேறு சட்டம் வாங்குவதற்கு முன்னால் சைக்கிளை உடலுக்குப் பொருத்தும் நிபுணரிடம் ஒரு முறை உட்காருங்கள். சில நூறு வெள்ளி ஆகும். பொருந்தாத இன்னொரு சட்டத்தை வாங்குவதோடு பார்த்தால் குறைவு.

### மரப்பே இல்லை, பிடிமட்டும் தளர்ந்திருக்கிறது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உள்ளங்கைக்குள் ஆழமாகப் போகும் கிளை மட்டும் நசுங்கினால் விரல் மரக்காது, வலிக்காது. பலம் மட்டும் சத்தமில்லாமல் போகும். பலர் இதைக் களைப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

மூன்று சோதனைகள். ஒன்று, ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் நடுவே இறுக்கிப் பிடியுங்கள், மற்றவர் இழுக்கட்டும். தாளை விடாமல் பிடிக்கக் கட்டைவிரலின் நுனி மூட்டு தானாக மடங்குகிறதா? இரண்டு, நடுவிரலை ஆள்காட்டி விரல் மேல் ஏற்றிப் பின்ன முடிகிறதா? மூன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையை இரண்டு கையிலும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் குழிந்திருக்கிறதா? எனக்குக் குழிந்திருந்தது. கண்ணாடி முன்னால் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை.

இதில் ஒன்று தவறினாலும் மருத்துவர். வாரக்கடைசி ஓட்டத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று தள்ளாதீர்கள். அழுத்தத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும், ஆனால் சேதமான நரம்பு இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வேகத்தில்தான் திரும்ப வளர்கிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் மாதக் கணக்கில் வந்து நிற்கும்.

## அறிகுறி 2: கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்கின்றன

உணவு விநியோகம் செய்பவர்களும், மடக்கு சைக்கிளில் எம்ஆர்டி ரயிலுக்குப் போய் வருபவர்களும் இதோடு வருகிறார்கள். நேர் ஹேண்டில்பாரில் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியே இருக்கும். அப்போது மணிக்கட்டின் நடுவில் போகும் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது.

பிரேக் நெம்புகோலின் கோணம். சைக்கிளில் உட்கார்ந்து இரண்டு விரலைப் பிரேக்கில் வையுங்கள். ஒரு அளவுகோலை முன்கை மேல் வைத்தால் அது புறங்கையையும் தொட வேண்டும். மணிக்கட்டில் பள்ளம் விழுந்தால் பிரேக் மிக மேலே இருக்கிறது. அதன் போல்ட்டைத் தளர்த்தி, கையும் முன்கையும் ஒரே கோட்டில் வரும் வரை கீழே சுழற்றுங்கள். ஐந்து நிமிட வேலை. முடித்ததும் பிரேக் முழுதாகப் பிடிக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

சீட் சாய்வு, ஹேண்டில்பார் உயரம். அறிகுறி 1-இல் சொன்ன அதே வரிசை.

இரவில் எழுப்புகிறதா? விடியற்காலை இரண்டு மணிக்குக் கை மரத்து எழுந்து, உதறினால் சரியாகிறது என்றால் சைக்கிள் மட்டும் காரணமில்லை. இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழே பார்க்க ஒரு நிமிடம் வைத்திருங்கள். அந்த மூன்று விரல்களில் ஊசி குத்தினால் மணிக்கட்டு நரம்பு நெருக்கத்துக்கு வாய்ப்பு அதிகம். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் போட்டுத் தூங்கிப் பாருங்கள், மருந்தகங்களில் கிடைக்கும். சில வாரத்தில் குறையவில்லை, அல்லது கட்டைவிரல் அடிச்சதை தட்டையாகிறது என்றால் மருத்துவர். கர்ப்பம், தைராய்டு குறைவு, நீரிழிவு இருப்பவர்கள் முதலிலேயே போய்விடுவது நல்லது.

விநியோக வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜனவரி 1 முதல் உங்களைப் போல் செயலி வழியே வேலை பார்க்கும் தளமேடை ஊழியர்களுக்கும் வேலைக்காய இழப்பீட்டுக் காப்பு உண்டு. மருத்துவரைப் பார்க்கும்போது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்று சொல்லி அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். ஓய்வெடுத்தால் சம்பாத்தியம் போகும் என்பது எனக்குத் தெரியும். பிடி போன கையோடு மழையில் பிரேக் பிடிக்க முடியாது.

## அறிகுறி 3: கழுத்திலிருந்து கைக்குச் சுள்ளென்று இறங்குகிறது

தலையைத் தூக்கிப் பார்க்கும்போதும், தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும்போதும் கூடுகிறதா? அப்படியானால் மூலம் கழுத்தில். ஹேண்டில்பாரை உயர்த்துங்கள். தலைக்கவசத்தின் முன் மறைப்பு நெற்றியில் இறங்கி, பார்க்கவே தலையைத் தூக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான் சைக்கிளில் செய்ய முடிந்தது. இரண்டு வாரத்தில் குறையவில்லை, அல்லது கை பலம் குறைகிறது என்றால் மருத்துவர். கழுத்தை யாரிடமும் நெட்டி முறிக்கக் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி 4: சீட்டில் படும் இடம் மரக்கிறது

கோப்பிக்கடையில் நின்றபடி குடிப்பவரின் பிரச்சினை இதுதான். ஆண்கள் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. பெண்களுக்கு வராது என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் தவறு. எங்கள் குழுவில் ஓட்டும் ஓர் அக்கா ஒரு வருடம் பொறுத்துக்கொண்டு, கடைசியில் என் மனைவியிடம்தான் சொன்னார். தொடைகளுக்கு நடுவே போகும் புடெண்டல் நரம்பும் அதோடு போகும் ரத்தக்குழாயும் சீட் மூக்குக்கும் எலும்புக்கும் நடுவே மாட்டிக்கொள்கின்றன. இது உடம்பின் மற்ற எந்த மரப்பையும் போல ஒரு மரப்பு. சொல்லுங்கள், திருத்தலாம்.

எழுந்து நிற்காமல் ஓட்டுவது. நம் ஊர் தட்டை. புக்கித் தீமா உச்சியே 163 மீட்டர்தான். மலையேற்றம் உள்ள ஊரில் ஓட்டுபவர் ஏறும்போது தானாகச் சீட்டை விட்டு எழுந்துவிடுவார். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரு தடவை கூட எழ வேண்டிய அவசியம் வராது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, பத்து மிதிப்புக்குச் சீட்டை விட்டு எழுங்கள். வீட்டுக்குள் ஓடாச் சைக்கிளில் பயிற்சி செய்பவர்களுக்கு இன்னும் அவசியம், அங்கே சிக்னல்கூட இல்லை.

உள்ளாடை. மெத்தை வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது. தையல்தான் அழுத்தும்.

சீட் மூக்கு மேலே தூக்கியிருப்பது. ரசமட்டத்தை எடுங்கள். கை மரப்பவருக்கு மூக்கு கீழே, இங்கே மரப்பவருக்கு மூக்கு மேலே, இரண்டும் அதே போல்ட்தான். கீழே மரப்பதால் மூக்கை இறக்குகிறார்கள், பாரம் கைக்குப் போய் இரண்டு வாரத்தில் கை மரத்து வருகிறார்கள். அதனால் அரைப் பாகை, ஒரு பாகையாக மாற்றுங்கள். மட்டமாக வைத்துவிட்டு ஓட்டிய பிறகும் மூக்கு தானாக மேலே ஏறியிருந்தால் சீட்டைப் பிடிக்கும் கிளாம்ப் இறுகவில்லை, கோணத்தைத் திருத்தும் முன் அதை மாற்றுங்கள்.

சீட் உயரம். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் முழங்கால் சரியாக நேராக வேண்டும். எட்டாமல் இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் உயரம் அதிகம். ஒருவரைப் பின்னால் ஓட்டி வந்து பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு இடமும் வலமும் ஆடினால், ஒவ்வொரு மிதிப்புக்கும் அந்த இடம் சீட்டில் தேய்கிறது என்று அர்த்தம்.

மெத்து மெத்தென்ற ஜெல் உறை. வலிக்கிறது என்றதும் எல்லோரும் வாங்குவது இதைத்தான். உட்காரும் எலும்பு மெத்தைக்குள் அமிழ, நடுப்பகுதி மேலே பிதுங்கி நரம்பை அழுத்தும். கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எலும்பு வலித்தால் அது பழகிவிடும். மரப்பு வேறு, அதைப் பழக்கப்படுத்தக் கூடாது.

சீட் அகலம். நெளி அட்டை ஒன்றை மாடிப்படியில் வைத்து அதன் மேல் முழங்காலைச் சற்று உயர்த்தி உட்காருங்கள். எழுந்தால் இரண்டு குழி தெரியும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அதோடு பொதுவாக 2 அல்லது 3 சென்டிமீட்டர் சேர்த்தால் உங்களுக்கு வேண்டிய சீட்டின் அகலம் ஏறத்தாழ வரும். நிமிர்ந்து ஓட்டுபவருக்கு இன்னும் கொஞ்சம் அகலம் தேவை. அந்த அக்காவின் சீட் அவருக்கு இரண்டு சென்டிமீட்டர் குறுகல். புதிது வாங்கும் முன் எங்கள் குழுவில் இருந்த பழைய சீட்களை ஒவ்வொரு வாரமாக மாட்டி ஓட்டினார், மூன்றாவது பொருந்தியது. நடுவில் பள்ளம் வெட்டிய சீட் பலருக்கு உதவும், எல்லோருக்கும் அல்ல. பள்ளத்தின் விளிம்பே அழுத்துவதும் உண்டு. வாங்கும் முன் கடனாக வாங்கி ஓட்டிப் பாருங்கள்.

மூக்கில்லாத சீட். பார்க்க விநோதமாக இருக்கும். அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் 90 காவலர்களுக்கு ஆறு மாதம் இதைக் கொடுத்து அங்குள்ள தொழில்சார் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் பார்த்தது. 2008-இல் முடிவு வெளிவந்தது, மரப்பு நன்றாகக் குறைந்திருந்தது. நாள் முழுவதும் சைக்கிளில் இருப்பவர்கள் யோசிக்கலாம். தொடையால் பிடித்துத் திருப்புவது முதலில் கடினமாக இருக்கும், பழக ஒரு வாரம் கொடுங்கள்.

எப்போது மருத்துவர்? இறங்கிச் சில நிமிடத்தில் உணர்ச்சி திரும்பினால் திருத்திக்கொண்டே ஓட்டலாம். மணிக்கணக்கில் நீடித்தால் காரணம் கிடைக்கும் வரை ஓட்டாதீர்கள். மறுநாளும் இருந்தால், ஆண்மைக் குறைவு தோன்றினால், சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தாலே எரிந்து, கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்தால் மட்டும் நிம்மதியாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள். அந்தக் கழிப்பறை இருக்கை விஷயத்தைத் தவறாமல் சொல்லுங்கள், புடெண்டல் நரம்பைச் சந்தேகிக்க அது மருத்துவருக்கு நல்ல துப்பு. சிறுநீர்த் தொல்லை சேர்ந்தால் மேலே முதல் பகுதியில் சொன்னபடி அவசரப் பிரிவு.

## அறிகுறி 5: பாதம் மரக்கிறது, விரல் அடியில் எரிகிறது

நம் வெயிலில் ஒரு மணி நேரத்தில் பாதம் வீங்கும். காலையில் கட்டிய பட்டை ஏழரை மணிக்கு இறுக்கிப் பிடித்திருக்கும். ஓட்டும்போதே முன் பட்டையை ஒரு பல் தளர்த்துங்கள். இதிலேயே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. பிறகு மெல்லிய காலுறை. பிறகு, மிதியில் மாட்டிக்கொள்ளும் கிளிப் காலணி என்றால் அதன் அடியிலுள்ள மாட்டியை (கிளீட்) குதிகால் பக்கம் சில மில்லிமீட்டர் நகர்த்துங்கள். கடைசியில் அகலமான காலணி, மாலையில் பாதம் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

### இரண்டு பாதமும், ஓட்டாத நாளிலும்

காலுறை போட்டது போல இரண்டு பாதமும் சமமாக மரத்தால் சைக்கிளை விட்டுவிட்டு ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். இங்கே இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம். 2016-இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. சர்க்கரை உள்ளவரின் நரம்பு அழுத்தத்தைக் குறைவாகத்தான் தாங்கும், அதனால் கை மரப்பும் சீக்கிரம் வரும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களும் மெட்ஃபோர்மின் எடுப்பவர்களும் பி12 அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஒருவருக்கு இரண்டு ஜோடிக் காலணி மாற்றிய பிறகுதான் சர்க்கரை தெரியவந்தது.

### ஒரு பாதம் மட்டும் மேலே தூக்கவில்லை

நடக்கும்போது ஒரு பக்கச் சிலிப்பர் மட்டும் தரையில் பட் பட்டென்று அறைகிறதா? குதிகாலில் மட்டும் நின்று நாலு அடி நடக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பைச் சுற்றிப் போகும் நரம்போ முதுகிலிருந்து வரும் நரம்போ நசுங்கியிருக்கலாம். இதற்குத் திருத்த சைக்கிளில் போல்ட் இல்லை. அந்த வாரமே மருத்துவர்.

## அறிகுறி 6: தொடையின் வெளிப்பக்கம் மரக்கிறது

இடுப்பில் கட்டும் பை, இறுக்கமான பெல்ட், இடுப்புப் பட்டி இறுகிய ஷார்ட்ஸ். கழற்றுங்கள். பையை முதுகுக்கோ சைக்கிளுக்கோ மாற்றுங்கள். பலம் குறையாது, உணர்ச்சி மட்டும்தான். சில வாரத்தில் போகவில்லை என்றால் காட்டிவிடுங்கள்.

## மருத்துவரிடம் எதைக் கொண்டுபோவது

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று மருத்துவமனைக்குப் போனால் கட்டணக் கழிவு உண்டு, ஆனால் சந்திப்பு நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். "கை மரக்குது டாக்டர்" போதாது. எந்த விரல், எந்தப் பக்கம், ஓட்டத் தொடங்கி எத்தனை நிமிடத்தில், இறங்கிய பின் எவ்வளவு நேரம், பலம் குறைந்திருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கையின் படம் வரைந்து மரக்கும் இடத்தில் பேனாவால் தீட்டினால் இன்னும் நல்லது. சைக்கிளில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் படத்தைக் கைபேசியில் காட்டுங்கள். நரம்பில் மின்சாரம் எப்படிப் போகிறது என்று பார்க்கும் சோதனைக்கு அனுப்பக்கூடும். சுருக் சுருக்கென்று இருக்கும், தாங்கக்கூடியதுதான்.

## திரும்ப ஏறும்போது

மரப்பு முழுதாகப் போன பிறகு, பலச் சோதனைகள் மூன்றும் தேறிய பிறகு, இருபது நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டுப் பக்கத்துப் பூங்கா இணைப்புப் பாதை போதும், தீவைச் சுற்றும் ஓட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. மரக்காவிட்டால் அடுத்த வாரம் பத்து நிமிடம் கூட்டுங்கள். மரத்தால் அங்கேயே இறங்கி, எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொண்டு, தள்ளிக்கொண்டு வாருங்கள். அந்த நிமிடக் கணக்கோடும் பழைய படத்தோடும் சனிக்கிழமை கீழ்த்தளத்துக்கு வந்தால், சீட்டிலிருந்து மறுபடி பார்ப்போம்.